திதிக்கு விட்ட இடம்

என்னிடம் ஒரு கொப்பித் தாள் இருக்கிறது. கோடு போட்ட நீளக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். கிழித்த பக்கம் ஓரம் பல் பல்லாக நிற்கிறது. நாலாக மடித்து மடித்து மடிப்பு விழுந்த இடமெல்லாம் துணி போலாகிவிட்டதால், இப்போது ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டை வைத்திருக்கும் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நீல மையில் நாலு வரி. முதல் வரியில் பெரும்பகுதியும் இரண்டாம் வரியில் கொஞ்சமும் எழுதாமல் இடம் விடப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்குள் பென்சிலால் கோணல்மாணலாக ஏதோ எழுதியிருப்பது தெரியும். நீல மை புலவருடையது. பென்சில் என்னுடையது. அந்தப் பென்சில் எழுத்து எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் வாயால் சொல்ல எனக்கு ஏலாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாப்பிட வருபவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, கடதாசிதான். முன்னால் இறந்தவரின் படம், பிறகு அவர் இறந்த ஆண்டு, மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்கிற பக்கம், திதி எல்லாவற்றையும் அடக்கிய ஒரு வெண்பா, அதன் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு. நெடுந்தீவில் ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் எங்கள் சின்னத் தெருவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அதை எழுதிக் கொடுத்தவர்தான் புலவர். தென்பகுதியில் ஒரு பட்டினத்துக் கடையில் இருபது வருசம் துணி வெட்டிக் கொடுத்தவர். கலவரத்தில் கடையை எரித்த பிறகு கையில் ஒரு குடையோடு வந்து சேர்ந்தார். மனைவி முன்னமே இறந்துபோனார், ஒரே மகள் பிரான்சில். நாலைந்து ஆடும், மேசை நிறையக் கொப்பிகளுமாகத் தனியே இருந்தார்.

சாவீட்டுக்குப் புலவர் வந்தால் பிள்ளைகளிடம் அதிகம் பேசமாட்டார். அயல் வீட்டுக்காரரைத்தான் பிடிப்பார். செத்தவர் சோறு குழைந்துவிட்டால் என்ன சொல்லுவார், கிணற்றில் வாளி விழுந்தால் யாரைக் கூப்பிடுவார், கோபம் வந்தால் எந்தப் பக்கம் நடப்பார் என்று கேட்பார். இதையெல்லாம் கேட்டு என்ன செய்யப் போகிறார் என்று சனம் முகத்தைச் சுளிக்கும். பிறகு கல்வெட்டைத் திறந்தால் செத்தவர் படலையைத் திறந்துகொண்டு வருவது போல இருக்கும். அச்சகத்துக்குப் போவதற்காக அவர் எங்கள் லோஞ்சில், ஆட்களை ஏற்றும் இயந்திரப் படகில், அக்கரையில் உள்ள குறிகட்டுவான் துறைக்கு வருவார். நான் அப்போது கயிறு கட்டி, சாமான் ஏற்றி இறக்குபவன். மற்றவர்கள் மேல்தட்டில் காற்று வாங்க, அவர் கீழே இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுதியதை என் காதுக்குள் வாசிப்பார். "இந்த இரைச்சலுக்குள்ள உமக்கு எந்த வரி கேக்குதோ, அதுதான் தம்பி நல்ல வரி. மிச்சத்தை வெட்டிப்போடலாம்" என்பார். கேட்ட வரியை நான் விரலால் தொட்டுக் காட்டுவேன். அதைத் தவிர எங்களுக்குள் பெரிய பேச்சு இருந்ததில்லை. பேசாத ஆள் என்பதால்தான் என்னிடம் வாசித்தார் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. தெற்கிலிருந்து வரும் பாதை பூட்டப்பட்டது. டெலிபோன் செத்தது. கடலுக்குப் போகக் கடற்படையின் அனுமதி இல்லாமல் லோஞ்சு இறங்குதுறையில் கட்டிக் கிடந்தது. கிழக்குப் பக்கத்திலிருந்து வரும் குண்டுச் சத்தத்தைக் கேட்டு இது ஊர்காவற்றுறையா, அல்லைப்பிட்டியா என்று சனம் கணக்குப் பார்த்தது. எங்கள் ஒழுங்கையில் அப்போது புலவருடையதைத் தவிர ஆட்கள் இருந்த வீடுகள் பதினொன்று. சந்தியில் கடை அக்காவின் வீடு முதலாவது, கடற்கரைப் பக்கம் என் வீடு கடைசி. பாதை பூட்டுவதற்கு முன் வந்த பத்திரிகைகளைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தோம். அதிலே சண்டையைப் பற்றிப் பாட்டுகள் நிறைய வந்திருந்தன. இரத்தம், நெருப்பு, விடியல். புலவர் ஒன்றை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கினம். ஆனால் ஒரு வீட்டு விலாசமும் இல்லையே தம்பி இதில" என்றார். நான் தலையாட்டினேன். அவர் என்ன நினைக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாளே அவர் குடையையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினார். கொப்பியோடு ஒருவர் வந்து வீட்டில் எத்தனை பேர், என்ன நோய் வருத்தம், என்ன பிடிக்கும் என்று கேட்டால், அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்கு ஒன்றுதான் தோன்றும். நிவாரணப் பதிவு. கதிரை போட்டுக் கொடுத்து, வெறும் தேத்தண்ணியாவது ஊற்றிக் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் விபரமாகப் பதில் சொன்னார்கள். மேற்கு வீட்டுப் பெரியவர் வெளிநாட்டில் இருக்கும் தன் நாலு பிள்ளைகளையும் வீட்டில் இருப்பதாகவே பதிந்தார். கடை அக்கா தனக்குச் சீனி வருத்தம், சோறு கூடாது, அதனால் கோதுமை மா ஒரு பங்கு கூடத் தரவேண்டும் என்று சொன்னாராம். புலவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நிவாரணம் என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்கும் வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் படலையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பொங்கல். இருக்கிற அரிசியில் ஒரு கைப்பிடி போட்டுப் பொங்கிப் பூசை முடிந்து, பதினொரு வீட்டுச் சனமும் மரத்தடியில் நின்றபோது புலவர் கொப்பியைத் திறந்தார். நிவாரணப் பட்டியல் வாசிக்கப் போகிறார் என்று எல்லோரும் கிட்ட வந்தார்கள்.

"இனி ஆருக்கு எப்ப என்ன நடக்குமெண்டு தெரியாது" என்றார் புலவர். "நடந்தால் அந்தியேட்டிக்குச் சனம் வருமோ, அச்சடிக்கப் பேப்பர் இருக்குமோ, எழுத நான் இருப்பனோ, அதுவும் தெரியாது. அதால வீட்டுக்கொரு தாளா எல்லாருக்கும் முன்னுக்கே எழுதிப்போட்டன். திதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறன்."

"என்னத்தை எழுதினனீர்?" என்று கடை அக்கா கேட்டார்.

"கல்வெட்டுத்தான் பிள்ளை. உம்மட வீடுதானே முதல். கேளும்." அவர் வாசித்த வெண்பாவின் கடைசி இரண்டு வரியும் இப்போதும் என் காதில் நிற்கின்றன.

வாயால் அடித்து வயிறார ஊட்டுவாள்
நாயும் மறவாத வீடு.

"நாயோ? என்ர கல்வெட்டில நாயோ?" என்றார் அக்கா. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் பின்னால் நின்ற ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டு, "என்ர பிள்ளையளுக்கும் எழுதினனீரோ?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். அதோடு எல்லாம் மாறியது.

"உயிரோட நிக்கிற எங்களைப் பாடையில ஏத்திப்போட்டீரே" என்றார் அக்கா. "நிவாரணம் எண்டு சொல்லிப்போட்டு எங்கட சாவை எழுதித் திரிஞ்சனீர்."

"நான் நிவாரணம் எண்டு சொல்லேல்லையே."

"இல்லையெண்டும் சொல்லேல்லையே."

மேற்கு வீட்டுப் பெரியவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப என்ர நாலு பிள்ளையளும்?"

"எழுதியிருக்கிறன் அண்ணை. நாலு பேரும் பக்கத்தில இருந்தவை எண்டு."

பெரியவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எரிக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் சாவு எழுதிய கொப்பியைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. கடை அக்கா சுற்றிப் பார்த்தார். என்னில் கண் நின்றது. "நீர் இதை அடுப்பில போட்டு எரியும்" என்றார். இறங்குதுறையிலும் சரி, கோயிலிலும் சரி, மற்றவர்கள் தொடாததைத் தூக்கச் சொன்னால் நான் தூக்குவேன் என்று ஊருக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் ஏலாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. வெளியில் வரவில்லை. புலவர் தானே கொப்பியை என் கையில் தந்தார். "ஒவ்வொரு தாளாப் போடும் தம்பி. கொப்பியோட போட்டால் நடுவில புகைஞ்சு பாதி வரி மிஞ்சும். பாதி வரி கூடாது" என்றார்.

பொங்கல் அடுப்பில் நெருப்பு இன்னும் இருந்தது. சனத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டேன். எழுத்தைப் பார்க்காமல்தான் போட்டேன். பார்த்து ஒவ்வொன்றிலும் இரண்டு வரியை நினைவில் வைத்திருக்கலாம். இயந்திர இரைச்சலுக்குள் வரி பிடித்த காதும் கண்ணும் எனக்கு இருந்தன. அதைச் செய்யவில்லை. கடைசித் தாளை மட்டும் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். கைக்கு வந்ததை எடுத்தேன் என்று சொன்னால் பொய். ஒழுங்கையின் கடைசி வீடு என் வீடு. கடைசித் தாள் யாருடையது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் விரித்துப் பார்த்தேன். மேலே திதிக்கு இடம். கீழே இப்படி முடிந்தது:

கூடிப் பலர்பேசக் கூச்சத்தால் வாய்திறவான்
ஓடத்தில் பேசும் கடல்.

லோஞ்சை ஓடம் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறையாகப் பட்டது. மற்றபடி ஒரு மனிதன் கூட்டத்தில் வாய் திறக்காததால் அவன் கையாலேயே பத்து வீட்டு வரிகளும் எரிந்த நாளுக்கு முன்பே, அவனைப் பற்றிப் புலவர் அப்படி எழுதி வைத்திருந்தார்.

அந்தத் தாளைப் புலவரிடம் கொடுக்க வேண்டும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் திரிந்தேன். ஒன்றாவது மிஞ்சியது என்று தெரிந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் பத்தை எரித்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் காப்பாற்றினான் என்று நினைப்பாரே. வழியில் காணும்போதெல்லாம் கை பைக்குப் போகும், திரும்பி வரும். அவர் என்னோடு கோபமாக இருக்கவில்லை. ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு போவார், "சாப்பிட்டீரோ தம்பி?" என்று கேட்பார். மறுபடி எழுதுகிறாரா என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதவில்லை என்று பிறகு தெரிந்தது. மேசையில் இருந்த புதுக் கொப்பிகள் எல்லாம் வெறுமை.

கார்த்திகை மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்து மூச்சு முட்டியது. தீவில் இருந்த மருந்துக்குக் கேட்கவில்லை. ஊர்காவற்றுறைக்கோ பெரிய ஆஸ்பத்திரி உள்ள பட்டினத்துக்கோ கொண்டுபோக வேண்டும் என்றார்கள். லோஞ்சில் எண்ணெய் ஊற்றி, பாய் விரித்து, நான் இறங்குதுறையில் காத்து நின்றேன். கடலுக்கு அனுமதி மூன்றாம் நாள் வந்தது. அவர் இரண்டாம் நாள் காலை போய்விட்டார். அதற்கு முதல் நாள் பின்னேரம் நான் அவர் கட்டிலடியில் இருந்தேன். தாள் என் பையில் இருந்தது. ஒருவரும் பக்கத்தில் இல்லை. சொல்லத்தான் வந்தேன். "கடல் எப்பிடி?" என்று கேட்டார். "அடிக்குது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

செத்தவீட்டில் ஐயர் திதியைக் கணித்துச் சொன்னார். டெலிபோன் இல்லை, மகளுக்கு எப்போது அறிவிப்போம் என்று தெரியாது. திதியை மறந்தால் அந்தப் பிள்ளை எந்த நாளில் திவசம் செய்யும்? எழுதி வைக்க வேண்டும். என்னிடம் வேறு தாள் இருக்கவில்லை. பாடை கட்டிக்கொண்டிருந்தவரின் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கி, சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்து, அதிலே வெறுமையாக இருந்த இடத்தில், கார்த்திகை, அபரபக்கம், சஷ்டி என்று எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் என்ன இடத்தில் எழுதினேன் என்று உறைத்தது.

முப்பத்தோராம் நாள் ஒழுங்கைச் சனம் எல்லாம் வந்தது. கடை அக்காதான் சமைத்தார். சாப்பாடு முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். கல்வெட்டு வரும் நேரம் அது. ஒன்றும் வரவில்லை. "ஆராவது அந்த மனிசனுக்கு நாலு வரி எழுதக் கூடாதோ?" என்றார் அக்கா. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீர்தானே அவரோட லோஞ்சில திரிஞ்சனீர்." நான் எழும்பிப் போய் ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்தேன்.

அதன் பிறகு இத்தனை வருசத்தில் அந்தப் பதினொரு வீடுகளில் ஒவ்வொன்றாகச் சாவு விழுந்தது. சண்டையால் செத்தவர்கள் குறைவு. வயது, வருத்தம், வெளிநாட்டுக் குளிர். ஒவ்வொரு சாவுக்கும் யாராவது ஒருவர், "புலவர் எழுதினது இருந்திருந்தால்" என்று பெருமூச்சு விடுவார். அடுத்த வசனம், "நீர்தானே எரிச்சனீர்" என்று வரும். எரிக்கச் சொன்ன வாய்களே சொல்லும். மேற்கு வீட்டுப் பெரியவரின் மகள் இரண்டு தடவை வெளிநாட்டிலிருந்து டெலிபோன் எடுத்துக் கேட்டாள். "அண்ணை, அப்பாவுக்கு எழுதினதில நாங்கள் பக்கத்தில இருந்தனாங்கள் எண்டு வந்ததாமே. அந்த வரி ஞாபகம் இல்லையோ?" இல்லை பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சனத்தையா, என்னையா, சொல்லாமல் கொள்ளாமல் உயிரோடு இருப்பவர்களுக்குக் கல்வெட்டு எழுதிய அந்த மனிதரையா?

இந்த வருசம் கடை அக்கா போனார். மகன் சுவிஸிலிருந்து வந்து எல்லாம் பெரிதாகச் செய்தான். இப்போது லோஞ்சின் இயந்திரம் என் பொறுப்பில். அந்தியேட்டிக்கு முதல் நாள், பட்டினத்தில் அச்சடித்த கல்வெட்டுக் கட்டுகள் பஸ்ஸில் குறிகட்டுவானுக்கு வந்து என் கையில் சேர்ந்தன. பளபளக்கும் கலர் அட்டை. ஒன்றை எடுத்துத் திறந்தேன். "அதிர்ந்தொரு சொல் பேசாத அன்னமே" என்று தொடங்கியது. அக்கா சந்தியில் நின்று கூப்பிட்டால் இறங்குதுறையில் நாய் எழும்பும். மூன்றாம் பக்கத்தில், "பாடசாலைப் பணி செய்து பல்லோரை உயர்த்தியவரே" என்று இருந்தது. அக்கா ஒரு நாளும் படிப்பித்ததில்லை. கொம்பியூட்டரில் யாரோ ஒரு ரீச்சருக்கு எழுதியதைப் பெயரை மாற்றி அடித்துவிட்டார்கள், அந்த வரியை மாற்ற மறந்துவிட்டார்கள். போன மாதம் வேறொரு வீட்டுக் கல்வெட்டிலும் அதே அன்னம் பறந்தது.

லோஞ்சு எடுக்க நேரம் இருந்தது. கீழே இறங்கி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் புலவர் முன்பு உட்காரும் இடத்தில் புத்தகக் கட்டுகளை அவிழ்த்து வைத்து, பின் அட்டையின் உள்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் பேனையால் எழுதத் தொடங்கினேன். வாயால் அடித்து வயிறார ஊட்டுவாள், நாயும் மறவாத வீடு. என் எழுத்து ஐந்தாம் வகுப்பு எழுத்து. பெரிது பெரிதாக வரும். பாதிப் புத்தகங்களுக்கு மேல் எழுதி முடிப்பதற்குள் ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். கேட்காமல் அடுத்தவன் தாயின் கல்வெட்டில் கை வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் பயம் வந்தது.

அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலுக்குள் ஒரு சலசலப்பு. "உன்ரயில இருக்கோ? என்ரயில இல்லை." "இஞ்ச கொண்டா பாப்பம்." புத்தகங்கள் கைமாறின. எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது, பிறகு இன்னொன்று. அக்காவின் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இதுதான் அவ. இது ஒண்டுதான் அவ" என்றார். மகன் எழுந்து நின்று, "ஆர் இதை எழுதினது?" என்று கேட்டான். நான் கை கழுவும் இடத்தில் நின்றேன். படலையடியில் அக்காவின் மூன்று நாய்களும் இலைக்குக் காத்திருந்தன.

"எழுதினது நான். வரி அவரின்ர" என்றேன். புலவர் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. வயதானவர்களுக்கு விளங்கியது.

மகன் கதிரையில் உட்கார்ந்து அதைத் திரும்ப வாசித்தான். பிறகு என்னைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். அன்றைக்கு இரண்டு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அழுத பெண்ணும் வந்தாள். பிள்ளைகள் இப்போது வளர்ந்து கொழும்பில் இருக்கிறார்கள். "எங்கட வீட்டுக்கு என்ன எழுதினவர் அண்ணை? ஒரு வரியாவது தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது. பாக்காமல் எரிச்சனான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து தாளை எடுத்தேன். புலவரின் மகள் ஒவ்வொரு கார்த்திகையும் டெலிபோன் எடுத்து, அப்பாவின் திதி எப்போது வருகிறது என்று கேட்பாள். நான் இதைப் பார்த்துத்தான் சொல்வேன். அவருக்கு ஒரு கல்வெட்டு இன்றுவரை இல்லை. எனக்கென்று அவர் விட்ட இடத்தில் அவருடைய நாள் இருக்கிறது, அவ்வளவுதான். பென்சில் எழுத்து. றப்பரால் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். என் மகனுக்கு இந்தப் பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியும். அவனுக்கு இதில் எழுதி வைக்கிறேன். அதை அழிக்க வேண்டாம். என் நாள் வரும்போது அப்படியே அச்சடிக்கட்டும். பிழையான திதி என்று பந்தலுக்குள் யாராவது சொல்வார்கள். ஏன் பிழை என்று ஒருவராவது கேட்பார்.